மறுபடியும் நாலு வருஷமா?

கேள்வி: அக்கா, ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. மறுபடியும் 4 வருடம் படிக்கணுமா? அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள்.
- ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: வேண்டாம் தாயி. அந்த 4 வருடப் படிப்பு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துவிட்டு நேரே சேருகிறவர்களுக்கு. உன்னைப் போல ஜி.என்.எம். முடித்தவர்களுக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது, 2 வருடம்தான். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த சான்றிதழ் கேட்பார்கள், அதை முதலில் எடுத்து வை.

அப்புறம், ‘வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சை எழுதினால் போதும்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே. இது வார்டில் நோயாளி பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிற படிப்பு. பீடி இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல்களை நானும் பார்த்து வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன், அம்மா காசைக் கட்டும் முன்னால் அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா என்று நீயே விசாரித்துவிடு. இதை முடித்து, இதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு வருடம் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் எம்.எஸ்சி. நர்சிங்குக்கும் விண்ணப்பம் போடலாம், பாடம் எடுக்கிற வேலைக்கும் வழி இருக்கிறது.