போட்டி நகராது, பயணம் நகரும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் கீழக்கரையில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளி வாலிபால் டீமில் செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குப் போகிறோம். அடுத்த மாதம் 19, 20 தேதிகளில் ராமநாதபுரத்தில் நடக்கிறது. என் வாப்பா சவூதியில் டிரைவர். இரண்டு வருடம் கழித்து 10-ஆம் தேதி சபரிலிருந்து (வெளிநாட்டிலிருந்து) வருகிறார்கள். 45 நாள் லீவு. லாத்தா (அக்கா), சாச்சி (சித்தி) வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து 18 முதல் 21 வரை கொடைக்கானல் போக வேன் பேசி, ரூமுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். போட்டித் தேதி தெரிந்து பத்து நாளாகிறது. பி.டி. சாரிடம் நான் சொல்லவில்லை, வேறு ஒரு பையன் சொல்லிவிட்டான். "வரலைன்னா இனிமே டீம் பக்கமே வராதே" என்றார். பசங்களும் பேசுவதில்லை. எங்கள் டீமில் ஏர்வாடிப் பையன் ஒருவன் சனிக்கிழமைதோறும் அவன் அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். ஜூன் மாதமே சொல்லிவிட்டானாம், அவனை சார் ஒன்றும் சொல்வதில்லை. என்னை மட்டும் ஏன்? வாப்பாவிடம் போனில் சொன்னேன். "உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

(பெயர், பள்ளி வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, தேதி நெருங்குவதால் உன் கடிதத்தை வரிசையில் வைக்காமல் இந்த வாரமே எடுத்துக்கொண்டேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசுவோம். நீ போட்டிக்குப் போ. கொடைக்கானலை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி வாப்பாவிடம் கேள். இரண்டையும் இந்த வாரமே செய்.

"குடும்பமா, டீமா?" என்று கேட்டால் நானும் குடும்பம் என்றுதான் சொல்வேன். 19-ஆம் தேதி உன் லாத்தாவுக்கு நிக்காஹ் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பந்தலில் போய் நின்றிருக்க வேண்டியதுதான். உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்படித்தான். ஆனால் உன் விஷயத்தில் மோதுவது குடும்பமும் டீமும் இல்லை. மாவட்டப் போட்டியின் தேதியும் வேன்காரரிடம் சொன்ன தேதியும்தான் மோதுகின்றன. முதலாவதை நீயோ உன் சாரோ நகர்த்த முடியாது. இரண்டாவதை உன் வீட்டார் நகர்த்தலாம். 45 நாள் லீவில் 18-ஆம் தேதியை விட்டால் வேறு நாளே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நகர்த்துவதில் சிரமம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸில் கொஞ்சம் போகலாம். சாச்சி வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு ஒத்துவர வேண்டும். கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேன்காரர் எடுத்துவிட்டார் என்றால் தேதியை மாற்றி மறுபடி எடுக்க வேண்டும். இந்த அலைச்சலையெல்லாம் உம்மா தலையில் கட்டாதே. வேன்காரருக்குப் போன் போடுவது, ரூமில் வேறு தேதி கிடைக்குமா என்று கேட்பது, சாச்சியிடம் பேசுவது எல்லாம் உன் வேலை. உன் போட்டிக்காகத்தானே இத்தனை பேர் தேதியை மாற்றுகிறார்கள்? ஓடியாடுவதும் நீயாகத்தான் இருக்க வேண்டும்.

இனி சார் விஷயம். "என்னை மட்டும் ஏன்?" என்று கேட்டிருக்கிறாய். பதிலை நீயே எழுதியிருக்கிறாய், கவனித்தாயா? ஏர்வாடிப் பையன் ஜூன் மாதமே சொல்லிவிட்டான். அவன் சனிக்கிழமை வரமாட்டான் என்று சாருக்கு ஓரிரு நாள் முன்னால் இல்லை, மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். அவன் இல்லாமல் சனிக்கிழமை பயிற்சியை எப்படி நடத்துவது என்று யோசித்து வைத்திருப்பார். டீமுக்கு நேர்மையாக இருப்பது என்றால் எல்லா நாளும் வந்து நிற்பது என்று நினைத்துக்கொள்ளாதே. வரமுடியாத நாளை, தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுவதும் அதில் சேர்த்திதான். கடலோரத்தில் பள்ளிக்கூட டீம் நடத்துகிற எந்த ஆசிரியருக்கும் பையன்களுக்கு வீட்டு வேலை இருக்கும் என்று தெரியாமல் இருக்காது. வலை இழுக்கப் போகிறவன் இருப்பான், கடையில் உட்காருகிறவன் இருப்பான். வரமுடியாது என்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியும். கடைசி நேரத்தில் இன்னொருவன் வாயால் தெரிந்துகொள்வதைத்தான் தாங்க முடியாது.

நீ செட்டர் என்பதால் இது இன்னும் பெரிதாகிறது. ஓர் அடிப்பவன் குறைந்தால் இன்னொருவனை நிறுத்தி எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். செட்டர் மாறினால் டீமின் ஆட்டமே மாறும். இரண்டாவது தொடல் பெரும்பாலும் உன்னுடையது. நடுவில் நிற்கிறவன் தாழ்வாக, வேகமாகத் தூக்கும் குவிக் பந்துக்கு உன் கையில் பந்து வரும்போதே எம்பிவிடுவான், பந்து தன்னைத் தேடி வரும் என்ற நம்பிக்கையில். அந்தப் பழக்கம் மாதக்கணக்காகச் சேர்ந்து ஆடினால்தான் வரும். அதுவும் நம் பக்கம் திறந்த மைதானத்தில், கச்சான் காற்றில் பந்து எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துப் பார்த்துத் தூக்கிப் பழகிய கை அது. பள்ளிப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். 25 புள்ளி வீதம் இரண்டு செட் தோற்றால் அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வரவேண்டியதுதான். உன் நண்பர்கள் கோபப்படுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். உன்னை நம்பித்தான் அவர்கள் எம்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் 12 பேர்தான். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு ஒருவன் வராவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் இன்னொரு பையன் ஜெர்சி போட்டுப் போயிருப்பான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் மாவட்டப் போட்டிக்குப் போய்வந்தேன் என்று அவனுக்கு இருக்கும். நீ பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தபோது அந்தப் பையனைப் பற்றி நினைத்திருக்க மாட்டாய். இனி நினை.

சார் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். "டீம் பக்கமே வராதே" என்று பதினாறு வயதுப் பையனிடம் சொல்வது அதிகம். இரண்டு வருடம் கழித்து வருகிற தகப்பனோடு நாலு நாள் இருக்க ஆசைப்படுவது குற்றம் இல்லை. இதைப் படிக்கிற பி.டி. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை பையன்களை உட்கார வைத்து, யார் வீட்டில் கல்யாணம், யார் வாப்பா ஊருக்கு வருகிறார், யார் கடலுக்குப் போகிறான், எந்த ஊரில் எப்போது திருவிழா, கந்தூரி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டித் தேதி உங்கள் கையில் இல்லை, மேலிருந்து வருகிறது, அதுவும் சில சமயம் வெகு தாமதமாக வருகிறது என்பது தெரியும். ஆனால் பையன்களின் நாட்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்த மாதிரிக் கோபம் பாதி குறையும்.

ஆனாலும் தம்பி, அவர் கோபத்தில் பேசியதை வைத்து நீ ஒதுங்காதே. நாளைக் காலை பயிற்சிக்கு முன்னாலேயே போய்விடு. பசங்கள் வருவதற்கு முன், தனியாக நின்று பேசு. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்: "சார், தேதி மோதுதுன்னு எனக்குப் பத்து நாளாத் தெரியும். உங்ககிட்ட நான்தான் சொல்லியிருக்கணும், சொல்லலை. வீட்டுல தேதி மாத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள உறுதியாச் சொல்லிடுறேன்." சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் சொல்லிவிட வேண்டும். அவர் திட்டினால் கேட்டுக்கொள். நீ அழுதாலும் பரவாயில்லை. வாப்பா கதையை அனுதாபத்துக்காக நீட்ட வேண்டாம், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இனி வாப்பா. உன் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தியது அந்த வரிதான்.

"உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார் என்றால் உன்மேல் கோபம் என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிற தகப்பன்மாருக்குப் பிள்ளைகளிடம் ஒரு கூச்சம் இருக்கிறது. வருடக்கணக்கில் இல்லாமல் இருந்துவிட்டு, வந்த வாரமே "என்னோடு வா" என்று பிள்ளையை இழுக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தயங்குவார்கள். இழுக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊரில் சபராளி வீட்டில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவருக்குக் கொடைக்கானல் முக்கியமாக இருக்காது, நீ பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். வேனில் நாலு நாள் எல்லாரும் ஒன்றாக அடைந்து கிடப்போம், யாரும் எங்கும் போகமுடியாது என்பதற்காகவே அந்தப் பயணத்தை அவர் திட்டம் போட்டிருக்கலாம்.

அதனால் "நான் வரலை, போட்டி இருக்கு" என்று சொல்லாதே. "வாப்பா, 19-ஆம் தேதி நீங்களும் ராமநாதபுரம் வாங்க" என்று கூப்பிடு. நீ ஆடி அவர் நேரில் பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் இல்லை. செட்டரானது இரண்டு வருடத்துக்குள் என்றால் பார்த்திருக்கவே முடியாது. மொபைலில் யாரோ எடுத்தனுப்பிய அரை நிமிட வீடியோதான் பார்த்திருப்பார். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடலாம். காலையில் உன்னோடு கிளம்பி, மைதானத்தின் ஓரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, நீ பந்து தூக்குவதையும் டீம் பசங்களை அதட்டுவதையும் சாரிடம் திட்டு வாங்குவதையும் பார்க்கட்டும். மத்தியானம் உன் டீமுக்கெல்லாம் சர்பத்து வாங்கிக் கொடுக்கட்டும். நீ இல்லாத ஊரில் அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்கு ஓரளவு தெரியும். அவர் இல்லாத ஊரில் நீ எப்படி இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியாது. கொடைக்கானலில் படகு ஓட்டினால் அது தெரிய வராது.

இதை உம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாதே, நீயே பேசு. போனில் சரியாக வரவில்லை என்றால் ஒரு நீள வாய்ஸ் மெசேஜ் போடு. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கேட்பார், ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பார். 10-ஆம் தேதி வரட்டும், நேரில் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அதற்குள் வேன்காரர் மாற்றமாட்டேன் என்று சொல்லிவிடுவார். வாப்பா வந்த பிறகு போட்டி வரைக்கும் சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விடு. பயிற்சிக்குப் பிறகு டீக்கடையில் நிற்கிற அந்த ஒரு மணி நேரம் 10-ஆம் தேதியிலிருந்து வாப்பாவுக்கு.

சர்டிபிகேட் பற்றிச் சிலர் உன்னிடம் பேசுவார்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை, கல்லூரிச் சேர்க்கையிலும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதிலெல்லாம் மாநில, தேசிய அளவில் ஆடியவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஜெயித்து மேலே போனால் நல்லது. சர்டிபிகேட்டுக்காகப் போ என்று நான் சொல்லவில்லை. மீதி பதினோரு பேருக்காகப் போ.

வீட்டில் தேதி மாற்ற முடியவில்லை என்றால்? வேன்காரருக்கு வேறு நாளே இல்லை, சாச்சி குடும்பம் அந்த நாலு நாளுக்காகவே சென்னையிலிருந்து வருகிறது என்று ஏதாவது இருக்கலாம். வாப்பாவும் "நீ வந்தாதான் எனக்கு நிம்மதி" என்று மனசைத் திறந்து சொல்லலாம். அப்போது குடும்பத்தோடு போ. சாரிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லி, பட்டியலில் உன் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவனைப் போடச் சொல். உங்கள் டீமில் இரண்டாவது செட்டர் ஒருவன் இருப்பான், இல்லாவிட்டால் கை மென்மையான ஒருவனைச் சாரே காட்டுவார். கிளம்பும் நாள்வரை தினமும் அரை மணி முன்னால் போய் அவனுக்குப் பந்து போடு. நடுவில் அடிப்பவனுக்கு எவ்வளவு உயரம் வேண்டும், இடது கைக்காரன் பந்தை எங்கே எதிர்பார்ப்பான் என்று உனக்குத் தெரிந்ததையெல்லாம் அவனுக்குக் கொடுத்துவிடு. உன் இடத்துக்கு அவன் வந்துவிடுவானோ என்ற பயம் வரும், வரட்டும். பேசாமல் இருக்கிற பசங்கள் இதைப் பார்த்தாலே பேசுவார்கள். நீ போய் விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, புதிய தேதி பார்க்கும்போது போட்டி முடிந்த மறுநாளே வேனை வைத்துவிடாதே. மழை வந்தாலோ வேறு ஏதாவது வந்தாலோ பள்ளிப் போட்டிகள் ஓரிரு நாள் தள்ளிப்போவது சகஜம். நடுவில் நாலு நாளாவது இடம் விடு. அப்படி விட்டும் போட்டி மறுபடி தள்ளிப்போய்ப் பயணத்தோடு மோதினால், இரண்டாவது முறை வாப்பாவிடம் கேட்காதே. வேனில் ஏறிவிடு. அதற்குள் இரண்டாவது செட்டர் தயாராகியிருப்பான், சாரிடம் தேதி தெரிந்த அன்றைக்கே நீயே போய்ச் சொல்லியிருப்பாய்.