ஆபீஸ் நண்பர்களோடு ஆடும் போர்டு கேமும் சண்டையில் முடிகிறது. ஆளை மாற்றுவதா, ஆட்டத்தை மாற்றுவதா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாலு பேர் உட்கார்கிறீர்கள், அதில் ஒருவர் உங்கள் டீம் லீட். கட்டான் ஆடினால் மனஸ்தாபம். பேண்டமிக் ஆடினால் லீட் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்து ஆடிவிடுகிறார். ஆபீஸ் எரிச்சலை மறக்க ஆரம்பித்தது, இன்னொரு மீட்டிங் மாதிரி ஆகிவிட்டது என்கிறீர்கள்.

ஆட்டத்தை மாற்றுங்கள். ஆட்கள் அப்படியே இருக்கட்டும். இந்த இரண்டு ஆட்டங்களின் விதிகளே நீங்கள் சொல்லும் இரண்டு பிரச்சினைகளையும் கிளப்பக்கூடியவை.

கட்டானில் பகடையில் விழும் எண்ணைப் பொறுத்து உங்கள் நிலம் சரக்குச் சீட்டு தரும்; சண்டை பிறக்கும் இடம் 7. இரண்டு பகடை 36 வகையாக விழலாம். அதில் ஆறு வகை 7 தரும். வேறெந்த எண்ணும் இவ்வளவு அடிக்கடி விழாது. 7 விழுந்தால் கையில் எட்டுச் சீட்டோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பாதியை இழக்கிறார். பகடை போட்டவர் கொள்ளையன் என்ற காயை நகர்த்தி, யார் நிலத்தை முடக்குவது, யார் கையிலிருந்து ஒரு சீட்டு உருவுவது என்று தானே தேர்ந்தெடுக்கிறார். காலையில் லீவு மறுக்கப்பட்டவர் மாலையில் கொள்ளையனை எங்கே வைப்பார் என்று சொல்லவா வேண்டும்?

கட்டானை விட மனமில்லையென்றால் மூன்று கட்டுப்பாடுகள் போதும். இன்னும் 2 புள்ளியிலேயே நிற்பவர் நிலத்தில் கொள்ளையனை வைக்கக்கூடாது. இது பல குழுக்களில் புழங்கும் வீட்டு விதி. அடுத்தது, சீட்டைச் சும்மா கொடுக்கக்கூடாது, அப்போது யார் முறையோ அவரோடு மட்டும்தான் பண்டமாற்று. இது விதிப்புத்தகத்திலேயே இருப்பதுதான், ஆனால் பலர் கவனிப்பதில்லை. 'அண்ணா, இந்தாங்க ஆடு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஜூனியர் லீடுக்கு அள்ளிக் கொடுப்பது இதோடு நிற்கும். மூன்றாவது, பகடைக்குப் பதில் சீட்டுக்கட்டு. ஒரே அளவில் 36 துண்டு வெட்டுங்கள். 2, 12 தலா ஒன்று. 3, 11 தலா இரண்டு. 4, 10 தலா மூன்று. 5, 9 தலா நான்கு. 6, 8 தலா ஐந்து. 7 மட்டும் ஆறு. குலுக்கி ஒவ்வொன்றாகத் திறங்கள். கடைசி ஐந்து மிஞ்சும்போது மறுபடி மொத்தமாகக் குலுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். 'எனக்கு மட்டும் 8 விழவே மாட்டேங்குது' என்ற புலம்பல் பெருமளவு குறையும்.

பேண்டமிக் வேறு மாதிரி. 48 நகரங்கள் (சென்னையும் உண்டு), நான்கு நோய்கள், அவற்றுக்கு மருந்து கண்டுபிடிக்க எல்லாரும் ஒரே அணி, ஒருவர் முறைக்கு நான்கு செயல். எல்லாத் தகவலும் எல்லார் கண்ணெதிரே கிடப்பதால் அது உண்மையில் ஒருவரே போடக்கூடிய புதிர். அதிகம் ஆடியவர் போட்டுவிடுகிறார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. கைச்சீட்டை மறைத்து ஆடச் சொல்வார்கள், அது பெரிதாக உதவாது. 'உன்கிட்ட நீலம் எத்தனை?' என்று கேட்டால் போயிற்று. முறைக்காரர் கேட்டால் மட்டுமே யோசனை, ஒரு முறைக்கு ஒரு நிமிட மணல் கடிகாரம் என்று வைத்தால் ஓரளவு அடங்கும்.

இதற்குச் சரியான மருந்து ஹனாபி, எல்லாரும் ஒரே அணியாக வண்ண எண் சீட்டுகளை வரிசையாக அடுக்கும் ஆட்டம். உங்கள் சீட்டு உங்களுக்கே தெரியாது. முகத்தை மற்றவர் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். நாலு பேருக்கு ஆளுக்கு நான்கு சீட்டு, குறிப்பு வில்லை 8, தவறு வில்லை 3. ஒரு வில்லை கொடுத்து 'இதும் இதும் சிவப்பு' என்றோ 'இது 1' என்றோ மட்டும்தான் சொல்லலாம். லீடுக்கும் தன் கை தெரியாது, அவரும் ஜூனியர் சொல்லும் குறிப்பை நம்பித்தான் ஆக வேண்டும். கெடுவது எங்கே என்றால், ஒருவர் தப்பான சீட்டில் கை வைத்ததும் இன்னொருவர் 'ச்சு' கொட்டுவதில். அதுவும் குறிப்புதான். உச்சுக்கொட்டினால் ஒரு வில்லை போச்சு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் தி க்ரூ என்ற சீட்டாட்டத்தை வாங்கச் சொல்வேன். 36 வண்ணச் சீட்டு, 4 துருப்பு, 50 பணிகள். 28, 304 சீட்டாட்டங்கள் ஆடிப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துருப்பும் பிடியும் அதேதான், ஆனால் எல்லாரும் ஒரு கட்சி. பணிக்கு ஒருமுறை ஒரு வண்ணச் சீட்டைத் திறந்து காட்டி, அந்த வண்ணத்தில் உங்கள் கையில் அதுதான் பெரியதா, சிறியதா, ஒன்றே ஒன்றா என்று மட்டும் சொல்லலாம். வேறு பேச்சு கிடையாது. நாள் முழுக்க போன் காலில் பேசிக் களைத்தவர்களுக்கு இந்த மௌனமே சுகம். தோற்றாலும் சில நிமிடங்கள்தான் போகும்.

ஆறு பேர் வரும் நாளில் கோட்நேம்ஸ்: இரண்டு அணிகள், அணிக்கு ஒருவர் ஒரு சொல்லும் ஒரு எண்ணும் குறிப்பாகச் சொல்ல, மற்றவர்கள் மேசையிலுள்ள சொற்களில் தங்கள் அணிக்குரியவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆன்-காலில் இருப்பவர் நடுவில் எழுந்து போனாலும் ஆட்டம் நிற்காது. ஆங்கிலச் சொற்களில் சிலர் தயங்குவார்கள், அதனால் சொற்களை நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சொல் எந்த அணிக்கு என்று காட்டும், பெட்டியிலுள்ள வண்ணக் கட்ட அட்டை அப்படியே பயன்படும். இரண்டு பொருள் தரும் சொற்களாக எடுங்கள்: ஆறு, படி, மாலை, மணி, திங்கள், கால், ஓடு, அடி, கல். மேசையில் 25 சொல்; முதலில் ஆடும் அணிக்கு 9, மற்றதற்கு 8, பொதுவில் 7, தொட்டால் தோல்வி 1. 'கோயில், 3' என்றால் மணி, மாலை, படி என்று எடுப்பார்கள். ஆனால் அந்தத் தோல்விச் சொல் 'கல்' என்றால் 'கோயில்' சொல்லவே கூடாது, கருங்கல்லுக்கு யாராவது போய்விடுவார்கள். லீடைக் குறிப்பு சொல்லும் இடத்தில் உட்கார வையுங்கள். குறிப்பைச் சொன்ன பிறகு அவர் வாயையே திறக்க முடியாது!

ஆபீஸ் புலம்பலைத் தடை செய்யாதீர்கள், உள்ளே புழுங்கிக் கொள்ளையன் வழியாக வெளிவரும். டீயும் பஜ்ஜியும் வரும் முதல் இருபது நிமிடம் அதற்குத்தான். கையைக் கழுவிவிட்டுச் சீட்டைத் தொட்டதும் நிறுத்தம். அப்படியும் ஒருவர் அதட்டினால் மேசையில் வைத்துச் சொல்ல வேண்டாம். பார்க்கிங்கில் தனியாக, 'அவன் முறையில அவனே முடிவு பண்ணட்டும் சார், தோத்தா தோத்துட்டுப் போறோம்' என்ற அளவுக்குச் சொன்னால் போதும்.