சுற்றுலா கேள்வி–பதில்: டா நாங் நகரின் பகலும் இரவும்

வியட்நாமின் நடுப்பகுதியில் இருக்கும் கடற்கரை நகரமான டா நாங்கைப் பற்றி வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு நகரத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வயதான பெற்றோருடன் தீபாவளி விடுமுறையில் டா நாங் செல்ல எண்ணியிருக்கிறோம். அந்தச் சமயம் ஏற்றதா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். அக்டோபரும் நவம்பரும் டா நாங்கின் மழை மாதங்கள். நம் கிழக்குக் கரைக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. அதோடு புயல்களும் சேர்ந்துகொள்வதால், அருகிலுள்ள ஹோய் ஆன் பழைய நகரத்தின் தெருக்களில் பல ஆண்டுகளில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் ஏறிவிடுகிறது. பிப்ரவரி இறுதியிலிருந்து மே வரை பெற்றோருக்கு ஏற்ற காலம். ஆனால் வியட்நாமியப் புத்தாண்டான தெத் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கடைகள் மூடியிருக்கும், பேருந்துகளும் ரயில்களும் நிரம்பி வழியும். 2008 முதல் நடந்துவரும் பன்னாட்டு வாணவேடிக்கைப் போட்டியைக் காண விரும்புகிறவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் போகலாம். அப்போது வெயிலும் அதிகம், விடுதி வாடகையும் அதிகம்.

கேள்வி: டா நாங்கின் இரவு வாழ்க்கை பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் என் கணவரும் மது அருந்துவதில்லை. இரவில் எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? (வாசகி, கோவை)

பதில்: தாய்லாந்தின் பட்டாயாவை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்தான் டா நாங்கில் ஏமாறுவார், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெயில் கடுமையான ஊர் என்பதால் உள்ளூர் மக்கள் விடியலுக்கு முன்பே எழுந்து கடலில் குளித்துவிட்டு, நண்பகலில் கதவைச் சாத்திப் படுத்து, பொழுது சாய்ந்த பிறகு குழந்தை குட்டிகளோடும் தாத்தா பாட்டியோடும் காற்று வாங்க வெளியே வருகிறார்கள். நடைபாதையில் போட்ட குட்டை நாற்காலிகளில் அமர்ந்து காப்பியும் கரும்புச் சாறும் அருந்தி, நத்தையும் வறுத்த சோளமும் கொறித்துப் பேசிக்கொண்டிருப்பதே அவர்களுடைய இரவு வாழ்க்கை. பயணிகளுக்கான மதுக்கூடங்கள் எல்லாம் அதன் ஓரத்தில் பின்னால் முளைத்தவை. ஆகவே உங்கள் நாளையும் அவர்களைப் போலவே பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. காலை ஐந்து மணிக்கு மி கே கடற்கரைக்குப் போய்விட்டால், கிழக்கு நோக்கிய கடல் என்பதால் சூரியன் நீருக்குள்ளிருந்தே எழும். அந்த நேரத்தில் ஊரே அங்கே நீந்திக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு மேல் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்து, மாலை ஐந்துக்கு மீண்டும் கிளம்புங்கள். பயண முகவர்கள் போடும் திட்டங்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக, நண்பகல் வெயிலில் இடங்களைக் காட்டிவிட்டு இரவு எட்டு மணிக்கு உங்களை அறையில் கொண்டுவந்து விடுகின்றன.

மாலையில் ஹான் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள பாக் தாங் சாலையில் நடந்தாலே போதும். பாலங்கள் ஒவ்வொன்றாக ஒளியேற்றிக்கொள்வதைக் காணலாம். அவற்றில் புகழ்பெற்றது 2013 மார்ச் 29 அன்று திறக்கப்பட்ட டிராகன் பாலம். 666 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேல் எஃகால் ஆன ஒரு பறவைநாகம் கடலை நோக்கித் தலையை நீட்டிப் படுத்திருக்கிறது. வார இறுதி இரவுகளில் ஒன்பது மணிக்கு அது முதலில் நெருப்பையும் பிறகு நீரையும் உமிழும். தலை இருப்பது கிழக்குக் கரைப் பக்கம் என்பதால், எட்டரை மணிக்கே அந்தக் கரையில் இடம் பிடித்துவிடுங்கள். காற்று வீசும் திசையில் நின்றால் முழுக்க நனைந்துவிடுவீர்கள். கைப்பேசியை மட்டும் பத்திரப்படுத்துங்கள். அது முடிந்ததும் கூட்டம் அப்படியே பக்கத்திலுள்ள சோன் த்ரா இரவுச் சந்தைக்குள் புகும். அங்கே பொருள் வாங்குவதைவிட வேடிக்கை பார்ப்பது நல்லது.

இன்னும் விழித்திருக்க முடிந்தால், நகர மக்களின் நன்கொடையையும் சேர்த்துக் கட்டி 2000-இல் திறக்கப்பட்ட ஹான் ஆற்றுப் பாலத்துக்குச் செல்லுங்கள். கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக நடுப்பகுதி சுழலும்படி அமைக்கப்பட்ட பாலம் அது. வார இறுதிகளில் இரவு பதினொரு மணி அளவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு அதைச் சுழற்றிக் காட்டுகிறார்கள். நெருப்பு கக்கும் பாலத்துக்கு வரும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வருவதில்லை. எனக்குப் பிடித்தது இந்தப் பாலம்தான்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐவர் செல்கிறோம். மதுக்கூடங்கள், நடன விடுதிகள் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். (வாசகர், சென்னை)

பதில்: மி கே கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஆன் துவாங் தெருக்களில் வெளிநாட்டவர் கூடும் சிறிய மதுக்கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆற்றங்கரையிலுள்ள உயரமான விடுதிகளின் மொட்டைமாடிக் கூடங்களில் காட்சிக்கும் சேர்த்து விலை வைப்பார்கள். நான் உங்களை அனுப்ப விரும்புவது மூன்றாவது வகைக்கு: கடற்கரைச் சாலையில் மீன், இறால், சிப்பிகளைத் தொட்டிகளில் உயிரோடு வைத்து விற்கும் திறந்தவெளி உணவகங்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் பனிக்கட்டி போட்ட பீரை அங்கேதான் குடிக்கிறார்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வியட்நாமிய மொழியில் எண்ணிக் குவளைகளை உயர்த்தும் மேசையிலிருந்து உங்களுக்கும் அழைப்பு வரலாம். உணவைச் சொல்வதற்கு முன், கிலோ என்ன விலை என்று கேட்டு, கண் முன்னே எடைபோடச் சொல்லி, மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் தானாக வந்து அமரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு உண்டு.

சட்டம் பற்றியும் ஒளிவுமறைவு வேண்டாம். போதைப்பொருள் வழக்குகளில் வியட்நாம் மரண தண்டனை வரை விதிக்கும் நாடு. விபசாரம் அங்கே சட்டவிரோதம். மின்சிகரெட்டுகளுக்கு 2025 முதல் தடை இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவரின் உடலில் மது கொஞ்சமும் இருக்கக் கூடாது என்ற விதி 2020 முதல் கண்டிப்பாக நடைமுறையில் உள்ளது. நள்ளிரவில் இருசக்கர வண்டியில் வந்து மசாஜுக்கு அழைக்கும் தரகரோடு போகாதீர்கள். முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றாத மலிவான சாராயத்தையும், யாரோ வீட்டில் காய்ச்சியதாகச் சொல்லித் தருவதையும் தொடவே வேண்டாம். மெத்தனால் கலந்திருந்தால் பார்வையும் உயிரும் போகும்.

கேள்வி: இரண்டு கைகள் தாங்கும் தங்கப் பாலத்தைக் காணவே டா நாங் போகிறோம். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: அதற்காகவே போகிறீர்கள் என்றால் ஒதுக்கத்தான் வேண்டும். பாலம் இருக்கும் பா நா மலை, பிரெஞ்சுக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்குவதற்காக 1919-இல் உருவாக்கத் தொடங்கிய மலைவாசத்தலம். இப்போது ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் கேளிக்கைப் பூங்கா. 2018 ஜூனில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைத் தாங்கும் கைகள் பழங்காலப் பாறைபோல் தெரிந்தாலும், கம்பிவலையும் கண்ணாடி இழையும் கொண்டு செய்யப்பட்டவை. நுழைவுச் சீட்டின் விலையும் சாதாரணமல்ல. என் கணக்கில் அந்தப் பணத்துக்கு ஈடு செய்வது மலைக்கு ஏற்றிச்செல்லும் கம்பிவட வண்டிப் பயணம்தான்: காடு, அருவி, மேகம் எல்லாம் காலடியில் நழுவிப் போகும். முதல் பெட்டிகளிலேயே ஏறிவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் பாலத்தில் புகைப்படம் எடுத்தால் உங்களைவிட அடுத்தவர் முதுகுகளே அதிகம் விழும்.

அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது பளிங்கு மலைகள். ஐம்பூதங்களின் பெயரால் அழைக்கப்படும் ஐந்து குன்றுகள் அவை. நம் ஐம்பூதங்கள் அல்ல, உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் சீன மரபினது. நீர்க் குன்றுக்குள் இருக்கும் ஹுயென் காங் குகையில் கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி தூண்போல் இறங்கும். அடிவாரக் கடைகளில் சிலை வாங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குன்றுகளில் கல் வெட்டத் தடை உள்ளதால், சிற்பிகள் செதுக்குவது வெளியிலிருந்து வரும் கல்லைத்தான்.

கேள்வி: சம்பா என்ற பழைய நாட்டின் கோயில்கள் அங்கே இருப்பதாகப் படித்தேன். கடற்கரை விடுமுறையில் அதற்கும் நேரம் ஒதுக்கலாமா? அவற்றைத் தமிழர் கட்டியதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். டிராகன் பாலத்தின் வால் முனையில், மேற்குக் கரையில், மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. நெருப்பு பார்க்க வரும் ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் முயற்சியில் உருவாகி 1919-இல் திறக்கப்பட்ட, சம்பா நாட்டு மக்களான சாம்களின் சிற்பங்களுக்கான அருங்காட்சியகம் அது. மீ சன் கோயில்களிலிருந்து வந்த, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இலிங்க பீடத்தைச் சுற்றி, குழல் ஊதும் முனிவரும், தவமிருப்பவரும், சீடருக்குப் பாடம் சொல்பவரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சம்பாவின் தலைநகராக இருந்த த்ரா கியூவிலிருந்து வந்த பீடத்தில் ஓடும் கதைக்காட்சிகளை இராமாயணம் என்று சிலரும் கண்ணன் கதை என்று சிலரும் கொண்டிருக்கிறார்கள். அதே ஊரிலிருந்து வந்த நடன மங்கையின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்த இடுப்பு வளைவைக் கல்லில் கொண்டுவந்த கை, எந்த நாட்டுக் கையாக இருந்தாலும் பெரிய கை.

பிறகு மீ சன். டா நாங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்னும் அரசன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனை நிறுவிய இடம். அதன் பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அரசர்கள் கோயில் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்கே தெரியாத அந்தக் கட்டுமானம் ஆய்வாளர்களை நெடுங்காலம் திணறடித்தது. 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் நொறுங்கியது. குண்டுப் பள்ளங்களை இன்றும் காணலாம். யுனெஸ்கோ 1999-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த இவ்விடத்தில் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்புப் பணி செய்தபோது, 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் வெளிப்பட்டது. காலை ஏழு மணிக்கு அங்கே இருந்தால் பனிமூட்டத்தோடு பார்க்கலாம். பத்து மணிக்குச் செங்கல் சூளைக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

தமிழர் கட்டியவையா என்றால், இல்லை. கட்டியவர்கள் சாம் மக்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் வியட்நாமின் தெற்குக் கடலோரத்தில் இன்றும் வாழ்கிறார்கள், அவர்களில் ஒரு பிரிவினர் சைவ மரபின் எச்சங்களைக் காத்துவருகிறார்கள். தென்னிந்தியாவோடு இருந்த கடல்வழித் தொடர்பு உண்மை. சம்பாவின் பழைய கல்வெட்டுகளின் எழுத்துமுறை தென்னிந்திய எழுத்து மரபிலிருந்து சென்றது. அந்தத் தொடர்பைப் பெருமையாகச் சொல்வதற்கு, கட்டியவர்களின் பெயரை அழிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கேள்வி: ஹோய் ஆனுக்கு டா நாங்கிலிருந்து போய்வந்தால் போதுமா, அங்கேயே தங்க வேண்டுமா? (வாசகி, பெங்களூரு)

பதில்: 30 கிலோமீட்டர்தான், 2025 ஜூலையில் குவாங் நாம் மாநிலம் இணைக்கப்பட்ட பிறகு நிர்வாகக் கணக்கில் ஹோய் ஆனும் டா நாங்குக்குள் வந்துவிட்டது. இருந்தாலும் ஓர் இரவு தங்குங்கள். மாலையில் பழைய நகரத் தெருக்களில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுவதால் பெற்றோர் அச்சமின்றி நடக்கலாம். சந்திர மாதத்தின் பதினான்காம் இரவு, அதாவது பௌர்ணமிக்கு முந்தைய இரவு, மின்விளக்குகளை அணைத்துவிட்டுக் கூண்டு விளக்குகளை மட்டும் எரிய விடும் வழக்கம் 1998 முதல் இருந்துவருகிறது. நாட்காட்டியைப் பார்த்து அந்த இரவுக்கு அறை பதிவு செய்யுங்கள். இரவு பத்து மணிக்குள் ஊர் அடங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். தாக்குப்பிடிக்க முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முடியும். இந்திய உணவகங்கள் பல வந்துவிட்டன. ஆனால் ‘சாய்’ என்று பலகை வைத்த பௌத்த சைவக் கடைகளைத் தேடிப் போனால் ருசியும் கிடைக்கும், செலவும் குறையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உள்ளூர் மக்களே புலால் தவிர்ப்பதால் அங்கே இடம் கிடைப்பது கடினம். மற்ற கடைகளில் இறைச்சி வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது. மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்து வடிக்கும் சாறு, நம் சமையலில் உப்புக்கு இருக்கும் இடத்தில் இருக்கிறது. வெறும் கீரை வதக்கலிலும் அது விழும்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: கடைக்காரர் கேள்வியே கேட்காமல் கொடுப்பார், சட்டம் அப்படி இல்லை. இந்தியா வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு உடன்படிக்கையை. விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டிக் கைவிரித்துவிடும். செயலி வழியாக அழைக்கும் கார்கள் மலிவு.

கேள்வி: விசா, பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவும். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: 90 நாட்கள் வரை தங்க அனுமதிக்கும் மின்விசாவுக்கு, ஒருமுறை நுழைவதற்கான கட்டணம் 25 டாலர். அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் பல இருக்கின்றன. தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறி நின்று தமிழர்களுக்குத் தொல்லை தருவதுண்டு. கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். அண்மைய விகிதத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ முந்நூறு டாங். கடைகளில் கடைசி மூன்று சுழியங்களை விட்டுவிட்டு எழுதுவார்கள். 50 என்றால் ஐம்பதாயிரம். 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம் என்பதால், சந்தையின் மங்கலான வெளிச்சத்தில் அறுபத்தைந்து ரூபாய்ச் சோளத்துக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட வாய்ப்புண்டு. இரண்டையும் பர்ஸில் தனித்தனி அறைகளில் வையுங்கள்.