இத்தாலியில வெனிஸ் பியனாலே (ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கலை, கட்டடக்கலைக் கண்காட்சி) நடக்குற கார்டெரி ஹால் ஏன் அவ்ளோ நீளம்?

அது முதல்ல கயிறு திரிக்கிற இடம்ங்க, வெனிஸ் கடற்படையோட ஆர்செனல்ங்கிற கப்பல் கட்டும் தளத்துக்குள்ள 1303-ல கட்டினாங்க, இப்ப நிக்கிறது 16-ம் நூற்றாண்டு கடைசில அந்தோனியோ தா போன்தே திரும்பக் கட்டினது, ரியால்டோ பாலம் கட்டினவரும் அவரேதான்.

நீளம் 300 மீட்டருக்கு மேல. காரணம் சிம்பிள். ஹெம்ப் நாரை (கஞ்சா வகைச் செடியோட நார்) இடுப்புல சுத்திக்கிட்டு ஆளு பின்பக்கமாவே நடந்து நடந்து இழை நூற்பாரு, அப்புறம் இழைகளை நேரா நீட்டி வச்சு முறுக்கணும், முறுக்க முறுக்க நீளம் குறைஞ்சுக்கிட்டே வரும், ஒட்டுப்போட்ட கயிறை நம்பி பெரிய கப்பலுக்கு நங்கூரம் போட முடியுமா? அதான் கட்டடமே அவ்ளோ நீளம்.

1980-ல முதல் கட்டடக்கலை பியனாலேவுக்காக திறந்துவிட்டாங்க. அந்தப் பருத்த செங்கல் தூண்களை அப்படியே விட்டு வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.