வாழைத்தண்டு நார் எடுக்கும் கருவி: காப்புரிமைக்கு எங்கே போவது?

கும்பகோணம் கல்லூரியில் செய்த கருவிக்குக் காப்புரிமை வாங்கி, கம்பெனிக்குக் கொடுக்க வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில், கருத்தரங்கில் அதை விளக்கிவிடாதீர்கள்! வெளியே சொல்லிவிட்டால் 'புதியது' என்ற தகுதியே போய்விடக்கூடும். அதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பம், அதாவது தேதியை முன்கூட்டியே பதிவுசெய்யும் முதற்கட்ட விண்ணப்பம், போட்டுவிடுங்கள். அதன் பிறகு, கருவியை முழுமையாக விளக்கும் விவரக்குறிப்பு தர 12 மாதம் கிடைக்கும். சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், இணையத்திலேயே போடலாம். கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. சாகுபடி முறைக்குச் சட்டம் காப்புரிமை தராது, கருவிக்குத் தரும்.

உணவு பதப்படுத்தும் கருவி என்பதால் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்டெமில் பேசிப் பாருங்கள். தொழில்நுட்பத்தைக் கம்பெனிகளுக்குக் கைமாற்றவே 1953-இல் தொடங்கப்பட்டது தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம்; அங்கும் கேட்டுப் பாருங்கள். உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காமல், ராயல்டிக்கு (பயன்படுத்துவதற்குத் தரும் பங்குத்தொகைக்கு) உரிமம் மட்டும் கொடுங்கள் என்பேன்.