ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியாலா?
குழந்தை நல மருத்துவர் பதில்கள்

என் மகனுக்கு ஒன்றரை மாதத்தில் தொடையில் ஊசி போட்டோம். இரவெல்லாம் காய்ச்சல், அழுகை. தொடை வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. "அடுத்த ஊசியே வேண்டாம்" என்கிறார் மாமியார். தனியாரில் வலியில்லா ஊசி இருக்கிறதாமே?
- ஒரு தாய், தாராபுரம்

மாமியார் சொல்வதில் ஒரு பாதி சரி. அந்தக் காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் ஊசியால் வந்தவைதான். அரசு நிலையங்களில் போடும் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு எதிரான) ஊசியில் கக்குவான் இருமல் கிருமியைக் கொன்று, முழுதாகவே சேர்த்திருக்கிறார்கள். உடம்பு அதை எதிர்க்கப் பழகும்போது சூடு ஏறுகிறது. ஊசி போடுமுன் இதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் வீட்டில் பயம் வளர்கிறது.

வலியில்லா ஊசியில் அந்தக் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே உண்டு. அதனால் காய்ச்சல் குறைவு. ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பும் சீக்கிரம் குறைகிறது, விலையும் அதிகம். என் வீட்டுக் குழந்தை என்றால் அரசு ஊசியைத்தான் போடச் சொல்வேன்.

எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவை நர்ஸிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீங்கிய இடத்தைத் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி வைத்தால் போதும். இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் வேறு காரணம் தேட வேண்டும். வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த ஊசிக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

அடுத்த ஊசிகள் 10, 14-ஆம் வாரங்களில். தேதி தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதே ஊசி தடுக்கும் தொண்டை அடைப்பான் நம் நாட்டில் இன்னும் குழந்தைகளைக் கொல்கிறது. அதனால் நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாளே இறந்தார். அன்றிலிருந்து நான் எந்த ஊசியும் போடுவதில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. இப்போது ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள்.
- வயது 61, மதுரை

அந்த ஏப்ரலில் தமிழ்நாடே அதிர்ந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்றுதான் அவர் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மறைந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு பல ஆண்டுகளாகச் சேருவது. அரசு நிபுணர் குழுவும் விசாரித்து, ஊசி காரணமில்லை என்றது.

அவர் போட்டது கோவாக்சின். இன்னொரு கொரோனா ஊசியான கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வந்ததும் உண்மை, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது பெரும்பாலும் போட்ட சில வாரங்களுக்குள் தெரிந்துவிடும். ஃப்ளூ ஊசி வேறு வகை. அதில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஃப்ளூ வராது. சர்க்கரை உள்ளவர்களை அந்தக் காய்ச்சல் நிமோனியா வரை கொண்டுபோகலாம். ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள் ஐயா.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமா?
- சேலம்

வராது. 1998-இல் லண்டனில் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரை கிளப்பிய பயம் இது. 2010-இல் அந்தக் கட்டுரையை இதழே திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டு மருத்துவர் பதிவையும் இழந்தார். பிறகு டென்மார்க்கில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தபோதும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று பெற்றோர் கவனிக்கும் வயதும் இரண்டாவது தட்டம்மை ஊசியின் வயதும் ஏறக்குறைய ஒன்று. குழப்பம் அங்கே பிறக்கிறது. 2017-இல் நம் பள்ளிகளில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டபோதும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. அன்று விட்டுப்போயிருந்தால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, மருத்துவரிடம் கேட்டு இப்போது போட்டுவிடுங்கள். கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படும்.

தெருநாய் லேசாகக் கடித்தது. மஞ்சள் வைத்துவிட்டோம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்களே என்று பயம்.
- விழுப்புரம்

அந்த ஊசி இப்போது கிடையாது. கையில்தான் போடுவார்கள். மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். இன்றே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அங்கே இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் எங்களால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. நாய் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.