வாசல் தொட்டியில் நித்தியகல்யாணி

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் தொட்டி நிறைய நித்தியகல்யாணி. இதிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களாமே, செடி அதை எப்படித் தயாரிக்கிறது? நீரிழிவுக்கு இலையை மெல்லலாமா என்று அம்மா கேட்கிறார்.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அம்மாவைத் தடுத்துவிடுங்கள், அந்த இலை நஞ்சு. மற்றபடி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான்: புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டினும் இந்தச் செடி தந்தவை.

வின்பிளாஸ்டின் உருவாகச் செடிக்குள் ஏறக்குறைய 30 படிகள் நடக்கின்றன, பெரும்பாலும் படிக்கு ஒரு நொதி (வேதிமாற்றத்தை நடத்தும் புரதம்). அதில் என்னை மலைக்க வைப்பவை 2018இல் கண்டுபிடித்த இரண்டு நொதிகள். சட்டென்று சிதைந்துவிடும் ஒரே மூலக்கூறை ஒரு நொதி ஒருவிதமாக மடித்துக் கேத்தரந்தின் ஆக்குகிறது, இன்னொன்று வேறுவிதமாக மடித்து டாபர்சோனின் ஆக்குகிறது, அது மேலும் ஏழு படி போய் விண்டோலினாகிறது. கேத்தரந்தினும் விண்டோலினும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். ஆனால் பாருங்கள், கேத்தரந்தின் இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சில் இருக்கிறது, விண்டோலினோ இலைக்குள்ளே! அப்புறம் எப்படி நிறையக் கிடைக்கும்? ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால்தான் 2022இல் இந்த நொதிகளை ஈஸ்ட்டுக்குள் பொருத்தி கேத்தரந்தினையும் விண்டோலினையும் தயாரித்து, பிறகு ஆய்வுக்கூடத்தில் இணைத்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள்.